ஷெட் வேலை முடியக்கூடாது

கார் ஷெட்டைச் சுத்தம் செய்வது ஒன்றும் பெரிய காரியமில்லை. இரண்டு ஆள், இரண்டு நாள், ஒரு குப்பை வண்டி போதும். அதற்குப் பிறகு கூரையும் தரையும் பார்க்க ஒரு கொத்தனாருக்கு ஒரு வாரம். இந்த வேலையை நான் மூன்று மாதம் இழுத்தடித்தேன். சோம்பேறித்தனத்தால் இல்லை. ஷெட் தயாரான மறுநாளே அப்பா காரை எடுத்துக்கொண்டு ரோட்டுக்குப் போய்விடுவார். போனால் யாரையாவது இடிப்பார். அந்த யாரோ எங்கள் தெருமுனைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளையாகத்தான் இருக்கும் என்று எனக்கு அடித்துச் சொல்லத் தோன்றியது.

அப்பாவுக்கு எதிரில் இருப்பது தெரியாது. அதற்காகப் பார்வையே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். இரண்டு பக்கமும் அவருக்கு நன்றாகத் தெரியும். சுவர் தெரியும், கதவுநிலை தெரியும், ஓரத்தில் ஓடுகிற பூனைகூடத் தெரியும். நேர் எதிரே, பார்வையின் நடுவில் என்ன இருக்கிறதோ அதுமட்டும் மங்கலாகி, போன வருடத்திலிருந்து அநேகமாக இல்லாமலே போய்விட்டது. இதில் பெரிய வம்பு என்னவென்றால், அந்த ஓட்டையை மூளையே சுற்றியிருப்பதை வைத்து அடைத்துவிடுமாம். அதனால் ஓட்டை இருப்பதே அவருக்குத் தெரியாது. டாக்டர் இதை என்னையும் அவரையும் எதிரே உட்காரவைத்து, படம் போட்டுச் சொன்னார். கார் ஓட்டவே கூடாது என்றார். அப்பா நல்ல பிள்ளை மாதிரி தலையாட்டிவிட்டு வெளியே வந்ததும், "அவரு கண்ணைப் பார்க்கிறாரு, நான் ரோட்டைப் பார்க்கிறேன்" என்றார். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

இத்தனைக்கும் நான் வேலை பார்ப்பது கண்ணாடிக் கடையில். இருபத்திரண்டு வருடமாக ஊரிலுள்ளவர்களுக்கெல்லாம் லென்ஸ் வெட்டிப் பொருத்துகிறேன். டாக்டர் சொன்னதை அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லையே என்று ஒருநாள் கடைக்கே கூட்டிப்போய், எழுத்துப் பலகைக்கு முன்னால் உட்காரவைத்தேன். கடைசி வரிவரை கடகடவென்று ஒப்பித்தார். நான் அசந்துபோனேன். பிறகுதான் பார்த்தேன், அன்று காலையில்தான் முதலாளி பலகையை மாற்றியிருந்தார். அப்பா ஒப்பித்தது பழைய பலகையை. பஸ் கம்பெனியில் முப்பத்தோரு வருடம் டிரைவராக இருந்தவர், அங்கே வருடா வருடம் கண் பரிசோதனைக்கு வைத்ததும் அதே பலகைதான், மனப்பாடம் செய்து வைத்திருக்கிறார். நான் அதைச் சொன்னபோது துளிகூட வெட்கப்படவில்லை. பலகையை மாற்றுவதற்கு முன்னால் ஒரு வார்த்தை சொல்ல வேண்டாமா என்று முதலாளியிடம் கோபித்துக்கொண்டார்.

சாவியை ஒளித்துவை என்று தம்பி போனில் யோசனை சொன்னான். தூரத்தில் இருப்பவர்களுக்கு யோசனைக்குப் பஞ்சமே இருப்பதில்லை. ஒளித்தும் பார்த்தேன். இரண்டு நாள் அப்பா கட்டிலுக்கு அடியிலும் சோபாவுக்கு அடியிலும் மண்டிபோட்டுக் கையால் துழாவிக்கொண்டிருந்தார். எழுபத்துநாலு வயது மனிதர், என்னிடம் கேட்கவுமில்லை, சந்தேகப்படவுமில்லை. மூன்றாம் நாள் நானே அதைத் துணிக்கூடையிலிருந்து "கண்டுபிடித்து" எடுத்துக் கொடுத்தேன். எனக்கு மனசு கேட்கவில்லை.

என்னைக் காப்பாற்றியது மழைதான். ஒரு பெருமழையில் ஷெட்டின் கூரைத்தகடு இரண்டு பிய்த்துக்கொண்டு போயிற்று. தண்ணீர் இறங்கிப் பின்சுவரின் பூச்சு பெயர்ந்து விழுந்தது. தரை ஏற்கெனவே பாளம் பாளமாக வெடித்திருந்தது. வழக்கமாக எங்கள் காரைப் பழுது பார்க்கிற பட்டறைக்காரர் வந்து, அதைத் தன் பட்டறைக்குக் கொண்டுபோய்த் துணி போர்த்தி நிறுத்தினார். அப்பாவுக்கு ஒரு கொள்கை உண்டு: தெருவில் வண்டி நிறுத்துகிறவன் வண்டி வைத்துக்கொள்ளவே லாயக்கில்லாதவன். ஆகவே ஷெட் சரியாகும்வரை கார் பட்டறையிலேயே இருக்கட்டும் என்று அவராகவே சொல்லிவிட்டார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஷெட் வேலையை நானே முன்னால் நின்று பார்த்துக்கொள்கிறேன் என்று ரொம்ப நல்ல மகளாக ஏற்றுக்கொண்டேன்.

அப்புறம் ஆரம்பித்தது என் திருட்டுத்தனம்.

அந்த ஷெட்டில் காரைத் தவிர எல்லாமே இருந்தது என்று சொல்லலாம். வழுக்கையாய்ப் போன டயர்கள், சக்கரமில்லாத சைக்கிள், செத்துப்போன வாஷிங்மெஷினின் மோட்டார், உள்ளே கல்லாக இறுகிய பெயின்ட் டப்பாக்கள், அம்மாவின் தையல் மெஷினுடைய கால்மிதி, எந்தக் கதவுடையது என்று யாருக்கும் தெரியாத நாலு கொண்டிகள். பழைய சீட் பஞ்சுக்குள் எலி குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தது. வேறு யாராவது இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு அள்ளி வெளியே போட்டிருப்பார்கள். நான் ஒவ்வொன்றாக எடுத்து, தூசி தட்டி, "இது வேணுமாப்பா?" என்று கேட்டேன். வேணும் என்றால் எதற்கு என்று கேட்டேன். வேண்டாம் என்றால், எதற்கும் இருக்கட்டுமே என்று நானே திரும்ப வைத்தேன். பிஸ்கட் டின்களில் இருந்த நட்டு, போல்ட், ஆணி, வாஷர் அத்தனையையும் அளவு வாரியாகப் பிரிக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தேன். அதற்கு மட்டும் பதினொரு சாயங்காலம் ஆயிற்று.

அந்தச் சாயங்காலங்களில்தான் என் பயம் குறைவதற்குப் பதிலாக இரண்டு பங்கு ஆனது. அப்பா ஒரு நட்டைக்கூடக் கண்ணால் பார்க்கவில்லை. கட்டைவிரலால் ஒரு சுற்று தடவி, "இது பத்து, இது பன்னண்டு, இது மரை தேஞ்சது, தூக்கிப் போடு" என்று சொல்லிக்கொண்டே போனார். ஒன்றுகூடத் தப்பவில்லை. இவ்வளவு நாளாக அவர் வீட்டில் தடுமாறாமல் நடமாடுவதைப் பார்த்து நான் கொஞ்சம் தைரியமாக இருந்தேன். அது கண்ணின் வேலை இல்லை, விரலின் வேலை என்று அப்போதுதான் உறைத்தது. ரோட்டை விரலால் தடவிப் பார்க்க முடியுமா?

தினமும் வேலைக்குப் போகும்போது அந்தப் பள்ளிக்கூட வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும். முதுகில் பையோடு பிள்ளைகள் ரோட்டின் குறுக்கே ஓடிக்கொண்டிருப்பார்கள். குட்டையாக ஒரு பெண் பிள்ளை எப்போதும் எல்லாருக்கும் கடைசியாக, ஷூ கயிறு அவிழ்ந்து, நடுரோட்டில் நின்று கயிற்றைப் பார்க்கும். பெயர்கூடத் தெரியாத அந்தப் பிள்ளைமேல் எனக்குக் கோபம் கோபமாக வந்தது. அவள் ரோட்டைத் தாண்டி முடிக்கும்வரை நான் நின்று பார்த்துவிட்டுத்தான் நகருவேன். கடைக்குத் தினமும் ஐந்து நிமிடம் தாமதம்.

சாமான்களை இனி தூசி தட்டவே முடியாது என்று ஆன பிறகு கொத்தனாரைக் கூப்பிட வேண்டியதாயிற்று. சுவரும் தரையும் மட்டமாக இருக்கிறதா என்று பார்க்கிற ரசமட்டத்தைக் கையில் எடுக்காமல் தண்ணீர்கூடக் குடிக்காத மனிதர். அதனால் அப்பா அவருக்கு ரசமட்டம் என்றே பெயர் வைத்துவிட்டார். ரசமட்டம் கூரைத்தகட்டை ஒரே நாளில் மாற்றிவிட்டார். எனக்குத் திக்கென்றது. தரையை உடைத்துப் புதிதாகப் போட்டபோது, தண்ணீர் வடிய வாசல் பக்கம் வாட்டம் போதவில்லை என்று குறை சொல்லி மறுபடி உடைக்க வைத்தேன். வாட்டம் சரியாகத்தான் இருந்தது. கதவுக்கு வேண்டுமென்றே ஒரு அளவு சின்னதாகக் கீல் வாங்கி வந்தேன். மாற்ற ஒரு வாரம், மாற்றி வந்தது இரண்டு அளவு பெரியது, அதையும் மாற்றுகிறேன் என்று சொல்லிக் கதவோரமாகவே போட்டுவைத்தேன். பின்சுவருக்குப் பூச்சு காயவில்லை, காயவில்லை என்று பத்து நாள் ஓட்டினேன்.

அந்தப் பத்து நாளில் ஒருநாள் ரசமட்டம் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். வேலை செய்கிற இடத்தில் இப்படிக் குறை சொல்கிற ஒருத்தியை அவர் பார்த்தே இருக்க மாட்டார், கோபப்படப்போகிறார் என்று நினைத்தேன். அவர் குரலைத் தாழ்த்தி, "ஐயாவுக்கு நேரா நான் நின்னா தெரியல. பக்கத்துல நின்னா 'என்னப்பா'ங்கிறாரு. நேத்து எதிர்ல நின்ன என்மேலேயே வந்து மோதிட்டாரு. உங்களுக்குத் தெரியுமாம்மா?" என்றார்.

தெரியும் என்றேன். அவர் என்னையும் கதவோரம் கிடந்த பெரிய கீல்களையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு போய், நன்றாகக் காய்ந்திருந்த சுவரின் ஒரு மூலையைக் கொத்தி எடுத்துவிட்டு மறுபடி பூச ஆரம்பித்தார். எனக்காக அந்த மனிதர் நாலு நாள் அந்த மூலையைப் பூசினார். ஆனால் அவருக்கும் வேறு வேலை உண்டு, குடும்பம் உண்டு. என் பயத்துக்காக அவர் எத்தனை நாள்தான் சுவரைக் கொத்திக்கொண்டிருப்பார்?

ஒரு வெள்ளிக்கிழமை நான் கடையிலிருந்து திரும்பியபோது ஷெட்டுக்குக் கதவு மாட்டியிருந்தது. சரியான அளவுக் கீலை அப்பாவே கடைக்கு நடந்துபோய், விரலால் தடவிப் பார்த்து வாங்கி வந்திருக்கிறார். ரசமட்டம் என் முகத்தைப் பார்க்காமல் தன் கரண்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். அப்பாவுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. கதவைத் திறந்து மூடி, திறந்து மூடிக் காட்டினார். நீ பாட்டுக்கு இழுத்துக்கொண்டே இருக்கிறாய் என்று நாங்களே முடித்துவிட்டோம் என்றார். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குப் பட்டறைக்காரர் காரைக் கொண்டுவருகிறார். திங்கட்கிழமை அப்பா தன் பழைய சிநேகிதரைப் பார்க்கக் காரில் போகிறார். எல்லாம் முடிவாகிவிட்டது.

சனிக்கிழமை முழுக்க நான் லென்ஸ் வெட்டிய லட்சணத்தைக் கேட்காதீர்கள், மூன்று பாழ். மத்தியானம் பட்டறைக்குப் போய்க் கெஞ்சினேன். வண்டியில் ஏதாவது பழுது சொல்லி வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். பட்டறைக்காரர் கையைப் பிசைந்தார். அப்பாவிடம் வண்டி கழுவப் பழகியவர், அவர் முகத்தைப் பார்த்துப் பொய் சொல்ல வராது என்றார். வேண்டுமானால் வீட்டு வாசல்வரை தானே ஓட்டி வருவதாகவும், ஷெட்டுக்குள் விடுவதை மட்டும் அப்பா செய்யட்டும் என்றும் சொன்னார். எனக்கும் அது சரியாகப் பட்டது. வாசலிலிருந்து ஷெட்டுக்கு இருபதடி. அந்த இருபதடியில் பள்ளிக்கூடமும் இல்லை, பிள்ளையும் இல்லை. அந்தச் சந்தோஷம் அவருக்குக் கிடைத்துவிட்டுப் போகட்டும், சண்டையைத் திங்கட்கிழமை காலையில் வைத்துக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டேன். புத்திசாலித்தனமாகத்தான் தோன்றியது.

எங்கள் வீட்டில் கார் ஷெட்டுக்குள் நுழைவதற்கு ஒரு முறை உண்டு. பின்சுவர் ஓரமாக, சரியாக நடுவில் ஒருத்தர் நிற்க வேண்டும். முகத்துக்கு நேராக உள்ளங்கையைக் காட்டினால் வண்டி நிற்கும். வாயைத் திறக்கக் கூடாது. "வா, வா, நிறுத்து" என்று கத்துவது அப்பாவுக்கு ஆகவே ஆகாது. கத்தினால் டிரைவர் பதறுவான், கையைக் காட்டு, நான் பார்த்துக்கொள்கிறேன் என்பார். எட்டு வயதிலிருந்து அந்த இடத்தில் நான்தான் நிற்கிறேன். ஒருதடவை பாம்பு என்று நினைத்துக் கத்தப்போய், அது வெறும் ரப்பர் குழாய், ஒரு வாரம் அப்பா அந்த இடத்தைத் தம்பிக்குக் கொடுத்துவிட்டார். அதற்குப் பிறகு நான் கத்தியதே இல்லை. என் முழங்காலுக்கு ஒரு சாண் முன்னால் கார் வந்து நிற்கும். எத்தனை வருடம், ஒரே ஒரு சாண்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குக் கார் வந்தது. பட்டறைக்காரர் அதை ஷெட் வாசலுக்கு நேராகத் திருப்பி நிறுத்தி இறங்கினார். அப்பா ஏறினார். இஸ்திரி போட்ட சட்டை. கண்ணாடியைத் துடைத்து மாட்டி, ஸ்டியரிங்கை ஒருதடவை தடவிக்கொடுத்தார். நான் வழக்கம்போல உள்ளே போய்ப் புதுச்சுவர் ஓரமாக நடுவில் நின்றேன். இருபதடிதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

கார் மெதுவாக உள்ளே வந்தது. இடது பக்கச் சுவருக்கும் வலது பக்கச் சுவருக்கும் ஒரே இடைவெளி, இம்மி பிசகவில்லை. இவ்வளவு அழகாக ஓட்டுகிறவரையா பயந்து தொலைத்தோம் என்றுகூட ஒரு கணம் நினைத்தேன். கையைத் தூக்கினேன். அப்பா நேராக என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடிக்குப் பின்னால் அவர் முகத்தில் லேசான சிரிப்பு இருந்தது.

கார் நிற்கவில்லை.

கையை இன்னும் நன்றாக நீட்டினேன். அவர் என்னையே பார்த்தபடி வந்துகொண்டிருந்தார். அவருக்குத் தெரிந்ததெல்லாம் காலியான ஒரு வெள்ளைச் சுவர்தான் என்பது எனக்குப் புரிந்தது, ஆனால் உடம்புக்குப் புரியவில்லை. இந்தக் கார் என் கையைப் பார்த்து நிற்கும், நாற்பது வருடமாக நின்றிருக்கிறது, இப்போதும் நிற்கும் என்று கால் அங்கேயே வேரோடிவிட்டது. கத்தியிருக்கலாம். வாய் வரவில்லை. ஊரார் பிள்ளைக்காக மூன்று மாதம் தூக்கம் கெட்டவள், அவர் எதிரில் முதலில் நிற்கப்போவது நான்தான் என்று ஒருநாள்கூட யோசிக்கவில்லை.

பம்பர் முழங்காலில் பட்ட பிறகுதான் பக்கவாட்டில் விழுந்தேன். ஓரமாக அடுக்கியிருந்த பெயின்ட் டப்பாக்கள் உருண்டன. கார் சுவரில் மோதி நின்றது. பட்டறைக்காரர் வாசலிலிருந்து ஓடிவந்தார்.

அப்பா இறங்கும்போதே கோபமாக இறங்கினார்.

"எங்க போய்த் தொலைஞ்ச? கையைக் காட்ட மாட்டியா?"

"காட்டினேம்பா."

"எப்ப காட்டின?"

"நீங்க உள்ள நுழைஞ்சதுல இருந்து காட்டிக்கிட்டேதான் இருந்தேன்."

அப்பா என் குரல் வந்த பக்கம் திரும்பினார். பிறகு, என்னைப் பார்ப்பதற்காக, என்னை விட்டு முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பிக்கொண்டார். அப்படித் திருப்பினால்தான் ஓரக்கண்ணில் நான் தெரிவேன். அப்பா அப்படிப் பார்த்து நான் பார்த்ததே இல்லை. யாருக்கும் தெரியாமல் பழகி வைத்திருக்கிறார் போல. என் முழங்காலில் ரத்தம் வழிந்தது தெரிந்திருக்க வேண்டும். பானட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

வலி பெரிதாக இல்லை, தோல்தான் உரிந்திருந்தது. பட்டறைக்காரர் என்னைத் தூக்கிவிட்டு, காலை மடக்கி நீட்டச் சொல்லிப் பார்த்தார். அப்பா அவரிடம் காரைப் பின்னால் எடுக்கச் சொன்னார். அவர் எடுத்து வாசலுக்கு வெளியே நிறுத்தினார். கார் இல்லாத ஷெட்டில் நானும் அப்பாவும் மட்டும் இருந்தோம்.

"நிக்க முடியுமா?" என்றார் அப்பா. "முடிஞ்சா அதே இடத்துல நில்லு. கையைத் தூக்கிக்கோ. பேசாத."

எனக்கு எதற்கு என்று புரியவில்லை. ஆனாலும் நின்றேன், கையைத் தூக்கினேன். அப்பா வாசலுக்குப் போய்த் திரும்பி, கார் வந்த வழியிலேயே என்னைப் பார்த்து நடந்து வந்தார். இந்தத் தடவை ஓரக்கண்ணால் பார்க்கவில்லை. நேராக, என் முகத்தையே பார்த்து, ஒவ்வொரு அடியாக எடுத்து வைத்தார். பாதி தூரம் வந்து நின்றார். கண்ணை இடுக்கினார். இன்னும் இரண்டு அடி வைத்தார். இப்போதாவது தெரிய வேண்டும், ஒரு நிழலாகவாவது நான் தெரிய வேண்டும் என்று மனசுக்குள் மன்றாடிக்கொண்டிருந்தேன். மூன்று மாதமாக நான் நம்பியிருந்தது இதைத்தான், ஆனால் அந்த நிமிடத்தில் எல்லாம் பொய்யாகிவிடாதா என்று தவித்தேன்.

அவர் நிற்கவில்லை. அவர் நெஞ்சு வந்து என் உள்ளங்கையில் முட்டியது.

அப்பா அப்படியே நின்றார். நான் கையை எடுக்கவில்லை. சட்டைக்கு உள்ளே அவர் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. பயந்துபோய் ஓடிவந்த சின்னப் பையனுக்கு அடித்துக்கொள்வது போல இருந்தது.

"இவ்வளவு கிட்டவா நிக்கிற?" என்றார்.

ஆமாம்ப்பா என்று சொல்ல நினைத்தேன். அழுகைதான் வந்தது.